நஸீறாவின் பிரிட்ஜில் ஒரு தேனீ

கொழும்பு வெள்ளவத்தையில் கடலைப் பார்த்து இறங்கும் ஒழுங்கையொன்றில், ஹமீட் நானா வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தவர் நேசமலர். கோட்டையிலுள்ள ஒரு கப்பல் கம்பனியில் தொலைபேசி இணைத்துக் கொடுக்கும் வேலை. பிறந்த இடம் யாழ்ப்பாணம். இந்தக் கடைசிச் செய்தியை அவர் வாயால் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அடையாள அட்டை சொல்லிவிடும். யுத்தம் நடந்த அந்த வருடங்களில் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் யாராவது அதை வாங்கி, படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, இரண்டிலும் திருப்தியில்லாமல் திருப்பிக் கொடுப்பார்கள்.

இப்படி நாள் முழுக்க அடையாளம் காணப்பட்ட மனுசி, வேலையில்லாத நேரமெல்லாம் தேனீக்களை அடையாளம் கண்டுகொண்டிருந்தார். பழிவாங்கல் என்று நினைத்துவிட வேண்டாம். தேனீக்களிடம் அவர் மிக மரியாதையாக நடந்துகொண்டார்.

தேனீ என்றதும் கூடு, ராணி, தேன், பெருங்கூட்டம் என்று நினைவு ஓடும். நேசமலர் தேடியது அவற்றை அல்ல. தனியாகத் திரியும் சின்னஞ்சிறு காட்டுத் தேனீக்களை. அவற்றுக்கு ராணியும் இல்லை, கூட்டமும் இல்லை. ஒவ்வொரு பெண்ணும் மண்ணிலோ சுவர் வெடிப்பிலோ தானே ஒரு பொந்து பார்த்து, தானே மகரந்தம் சுமந்து, முட்டையிட்டு, மூடிவிட்டுப் போய்விடும். நாற்பது தாண்டியும் கலியாணம் கட்டாத ஒருத்தி இவற்றின் பின்னால் ஏன் திரிகிறாள் என்பதற்கு ஒழுங்கையில் ஆளுக்கொரு விளக்கம் இருந்தது. அவருடைய விளக்கம் சின்னது: “வடிவாயிருக்குதுகள். அதால பாக்கிறன்.”

பின்முற்றத்தில் துளசி, கத்தரி, ஒரு ரோஜா. வயிற்றின் அடியில் மகரந்தம் பூசிக்கொண்டு வந்தால் அது ரோஜா இலையை வட்டமாக நறுக்கும் இலைவெட்டி. கறுத்த உடம்பில் நீலக் கோடுகள் மின்னினால் நீலப்பட்டி. இது ஆணா பெண்ணா என்று பறக்கும்போது சொல்வது கடினம். அதற்கு நேசமலரிடம் ஒரு வழி இருந்தது. தேனீயை ஜாம் போத்தலில் பிடித்துக் கொஞ்ச நேரம் குளிரில் வைத்தால் விறைத்துப்போய்ச் சும்மா கிடக்கும். நகை வேலை செய்பவர்கள் கண்ணில் வைக்கும் பூதக்கண்ணாடியால் பார்த்துவிட்டு வெயிலில் வைத்தால், ஒன்றும் நடவாதது போலப் பறந்துவிடும்.

சிக்கல் என்னவென்றால் நேசமலரிடம் பிரிட்ஜ் இல்லை. பிரிட்ஜ் இருந்தது ஹமீட் நானாவின் மனைவி நஸீறாவிடம்.

“மிஸ், வட்டிலப்பத்துக்குப் பக்கத்தில வண்டு வெக்கிறது எந்த ஊர்ப் பழக்கம்?”

“வண்டில்லை நஸீறா, தேனீ.”

“தேன் தருமா?”

“இது தராது.”

“அப்ப வண்டுதான்.”

சொல்லிவிட்டு, பிரிட்ஜ் கதவில் பட்டர் வைக்கும் தட்டை ஒதுக்கிக் கொடுத்தார்.

அப்படியான ஒரு வருடம் பிரச்சினை வேறு பக்கத்தால் வந்தது. வடக்கு ஆட்களை வைத்திருந்தால் கரைச்சல் உங்களுக்குத்தான் என்று ஹமீட் நானாவுக்கு யாரோ அதிகாரி சொல்லிவிட்டார். தெஹிவளையிலிருந்து வந்த ஹமீட் நானாவின் அண்ணன், பெரிய நானா, அதையே இன்னும் சத்தமாகச் சொன்னார். ஹமீட் நானா நல்லவர். நல்லவர்கள் பயப்படும்போது மிக மரியாதையாகப் பயப்படுவார்கள். சுவரைப் பார்த்துக்கொண்டு, “மாசக் கடைசிக்குள்ள வேற இடம் பாத்தீங்கன்டா நல்லம் மிஸ்,” என்றார்.

நேசமலர் தெஹிவளையில் தேடினார், கொட்டாஞ்சேனையில் தேடினார். அட்டையை வாசிக்கும் வரை கதவுகள் திறந்தே இருந்தன. மாசமோ முடியப் போகிறது. போவதற்கு இடமில்லை.

அப்படியான ஒரு ஞாயிறு காலை, ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். வீட்டுக்குள் வந்த இளம் சிப்பாய் அலுமாரியைத் திறந்தான், கட்டிலின் கீழே பார்த்தான், பிறகு பிரிட்ஜைத் திறந்தான். மூடியில் துளையிட்ட போத்தல். உள்ளே ஏதோ கறுப்பாக. அந்தக் காலத்தில் போத்தலுக்குள் இருக்கும் எதுவும் நல்லதாக இருக்க முடியாது.

என்னவென்று கேட்டுக்கொண்டே மூடியைத் திறந்தான். உள்ளங்கைச் சூட்டில் உயிர்த்த தேனீ மெல்ல ஏறி அவனுடைய மணிக்கட்டில் வந்து நின்று, இறக்கையை நடுக்கிச் சூடேற்றத் தொடங்கியது. மற்றக் கையில் துப்பாக்கி. சிப்பாய் கல்லானான். ஹமீட் நானாவின் உதடுகள் ஓதத் தொடங்கின.

இன்னும் அடையாளம் காணப்படாத தேனீ அது. பெண்ணாக இருந்து கொட்டிவிட்டால், மாசக் கடைசி வரை காத்திருக்கத் தேவையிராது. நேசமலர் கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு துப்பாக்கிக்குப் பக்கத்தில் குனிந்தார். பின்னங்கால்களைப் பார்த்தார்.

“மல்லி, ஆடாமல் நில்லுங்கோ,” என்றார் சிங்களத்தில், தம்பியைக் கூப்பிடுவது போல. “பெண்ணெண்டால் மகரந்தம் ஒட்டுறதுக்குப் பின்னங்காலில தடிச்ச மயிர் இருக்கும். இதுக்கு இல்லை. இது ஆண். ஆணுக்குக் கொடுக்கே கிடையாது.”

“நிச்சயமா?”

“நீங்களே பாருங்கோ.”

கண்ணாடியை அவனுடைய கண்ணில் வைத்துவிட்டார். நாளெல்லாம் மனிதரின் முகத்தை மட்டும் சரிபார்த்தவன், ஒரு தேனீயின் காலைச் சரிபார்த்தான். வெகுநேரம் பார்த்தான். “நீலம்,” என்று தனக்குள் சொன்னான். தேனீ சூடேறி, யன்னலால் போயிற்று.

சிப்பாய்க்கு வேலை நினைவு வந்தது. ஹமீட் நானா பக்கம் திரும்பி, நேசமலரைக் காட்டி, இந்த நோனா எதுவரைக்கும் இங்கே என்று கேட்டான். மாசக் கடைசி என்ற பதில் ஹமீட் நானாவிடம் தயாராக இருந்தது. வாயைத் திறந்தார்.

“இவங்க எங்கட வூட்டு ஆள். எங்கேயும் போகல்ல,” என்று சந்தைச் சிங்களத்தில் முந்திக்கொண்டார் நஸீறா. பிறகு தமிழில், கணவரிடம்: “ஆணுக்குக் கொடுக்கு இல்லியாம், கேட்டீங்க தானே? அப்ப பேசாம இரிங்க.”

ஹமீட் நானா பேசாமல் இருந்தார். அதைவிடப் பெரிய உதவியை அந்த வருடம் கொழும்பில் எவரும் எவருக்கும் செய்யவில்லை என்று நேசமலர் இன்றைக்கும் சொல்வார். அடுத்த கிழமை தெஹிவளைப் பெரிய நானா வந்தபோது, “அவங்க எங்கட ஆள்,” என்று ஹமீட் நானா சொன்னதாகவும், சொல்லிவிட்டு மனைவியைத் திரும்பிப் பார்த்ததாகவும் கேள்வி.

சோதனை நடந்த அன்று பின்னேரம் நேசமலர், நஸீறா சமைத்துக்கொண்டிருந்த குசினிப் பக்கம் போனார்.

“நஸீறா, உங்களுக்கு என்ன சொல்லுறதெண்டே தெரியேல்லை.”

“ஒண்டும் சொல்லத் தேவல்ல மிஸ். நாளைக்குப் பெண் ஒண்டு புடிச்சிட்டு வாங்க. இவருக்குக் காட்டணும்.”