வரியோடு போன பெயர்

என் தம்பி மகளின் கல்யாணப் பத்திரிகையில் என் பெயர் இல்லை. அதைக் கண்டுபிடித்தது நானில்லை. பழங்காநத்தத்தில் எங்கள் எதிர்வீட்டுப் பெண் பத்திரிகையைக் கையில் வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஏக்கா, ஒங்க பேரக் காணோமே?" என்றாள். "நல்லாப் பாரு, அத்தைமார் வரிசையில இருக்கும்" என்றேன். அவ்வளவு நம்பிக்கை எனக்கு.

இருக்காதா பின்னே? அச்சுக்குப் போகும் முன்பே தம்பி புரூஃபைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டிருந்தான். எங்கள் வீடுகளில் புரூஃப் பார்ப்பது என்றால் அவரவர் பெயரைத் தேடுவது. அது யாருக்கு மேலே, யாருக்குக் கீழே என்று பார்த்து, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்வது. தம்பியின் மேலூர் மச்சினன் தன் இனிஷியலுக்குப் பக்கத்தில் புள்ளி விழவில்லை என்று அன்று முழுக்கப் புலம்பினார். அந்தப் புள்ளிக்காக இன்னொரு புரூஃப் வந்தது. இரண்டையும் நானும் பார்த்தேன். "நல்லாருக்கு" என்று பதில் போட்டேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், அதில் எங்கள் வரியை நான் பார்த்தேன். முதலில் என் வீட்டுக்காரர் பெயர், ஒரு சின்னக் கோடு, பிறகு என் பெயர். அவர் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. முப்பது வருஷமாக எந்தப் பத்திரிகையிலும் நாங்கள் அப்படித்தான் இருந்தோம். கண்ணுக்கு அது பழகிப்போயிருந்தது.

மறுநாள் காளவாசல் அச்சகத்துக்கே போய்க் கேட்டேன். கம்ப்யூட்டரில் இருந்தவர் நல்ல மாதிரி. "மூத்த பொண்ணு கல்யாணத்துக்குப் போட்ட பழைய ஃபைலத்தாம்மா மாத்துனோம். சார் தவறிட்டாக, அவுக பேர எடுத்துருங்கன்னாக. ரெண்டு பேரும் ஒரே வரியில இருந்தீங்க. புரூஃப் அனுப்புறதுக்கு முன்னாடியே வரியோட எடுத்துட்டேன்" என்றார். அவரை என்ன சொல்ல? பத்திரிகையில் பெண்ணின் பெயர் புருஷன் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டுதான் வரும். அவர் போனால் கூடவே போய்விடும் என்பதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது.

தம்பிக்கு போன் போட்டேன்.

"ஏக்கா, நாங்க அம்புட்டுப் பேரும் படிச்சோம்ல. இருக்குற மாதிரியேதான் தெரிஞ்சுச்சு. இதுக்குப் போயி..."

கொஞ்ச நேரத்தில் அவனிடமிருந்து ஒரு ஃபார்வர்டு வந்தது. 'எத்ழுதுகள் இடம் மாறினாலும் உகங்ள் மூளை படித்துவிடும்.' தடுமாறாமல் படித்தேன். சொல்லின் தலையும் வாலும் சரியாக இருந்தால் போதுமாம், நடுவில் இருப்பதை மூளை தனக்குத் தெரிந்ததை வைத்து நிரப்பிக்கொள்ளுமாம். கீழே ஒரு சிரிக்கும் முகம். பாத்தியாக்கா, எங்க மேல தப்பில்ல என்று அர்த்தம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் மூளை நிரப்பியது வாஸ்தவம். அது செத்தவரையும் சேர்த்தே நிரப்பியது. நான் அவரை விட முடியாமல் இருக்கிறேன், அதனால் பார்த்தேன். இவர்கள் எதை விட முடியாமல் என்னைப் பார்த்தார்களாம்? மச்சினனின் புள்ளியை மட்டும் ஏன் எந்த மூளையும் நிரப்பிக்கொள்ளவில்லை? மனக்கசப்பு வந்துவிடும் என்று பயப்படும் இடத்தில் இவர்களுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. நான் கோபித்துக்கொண்டு எங்கே போய்விடப் போகிறேன்?

பத்திரிகையை உறைக்குள் திரும்ப வைக்க எடுத்தேன். நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, தாம்பாளத்தில் வைத்து, தம்பியும் அவன் மனைவியும் வந்து கொடுத்துவிட்டுப் போனது. உறையின் மேல் தம்பியே தன் கையால் எழுதியிருந்தான். வாங்கும்போது பார்த்ததுதான், அப்போதும் உறைக்கவில்லை.

'திரு' என்று போட்டு என் வீட்டுக்காரர் பெயர். அதற்குக் கீழே, 'குடும்பத்துடன் வரவும்.'

உள்ளே அவர் செத்துவிட்டார் என்று ஞாபகமாக எடுத்தவன், வெளியே அவரையே கல்யாணத்துக்கு அழைத்திருந்தான். உயிரோடு எதிரில் உட்கார்ந்து இரண்டு கையாலும் அதை வாங்கியவள் நான். என் பெயர் உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை.