ஒருக்களித்துப் படுக்கவைப்பவர்

மல்லாந்து கிடப்பவனின் வலது முழங்காலை முதலில் மடக்குவார் முத்தையன். பிறகு தோளையும் இடுப்பையும் பிடித்து ஒரே தள்ளு. ஆள் ஒருக்களித்ததும் அவன் கையையே மடித்துக் கன்னத்துக்கு அடியில் கொடுப்பார். வாய்க்குள் ஒரு விரலை விட்டுத் துழாவி, அடைத்திருப்பதை வழித்துப் போட்டுவிட்டு, மூச்சு வருகிறதா என்று குனிந்து கேட்பார். "ம், ஓடுது" என்பார், மோட்டாரைச் சொல்வதுபோல. காரைக்கால் துறைமுகத்தில் படகு இன்ஜின் பழுதுபார்ப்பதுதான் அவருடைய பிழைப்பு.

வேலை விட்டு வரும் வழியில், கோட்டுச்சேரியில் பிராந்திக்கடைகள் இருக்கும் சாலையில் அவரைப் பார்க்கலாம். இங்கே சரக்கு விலை குறைவு என்று எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து பஸ் ஏறி வந்து குடிக்கிறார்கள். திரும்பும் பஸ்ஸைப் பிடிக்கத் தெம்பில்லாதவர்கள் சாக்கடை ஓரத்தில் விழுந்துவிடுகிறார்கள். முத்தையன் அவர்களை நிழலுக்கு இழுத்துப் போடுவார். விழுந்தவனின் விரலையே வைத்து அவன் செல்போனைத் திறந்து, 'வீடு' என்றோ 'அம்மா' என்றோ இருக்கும் எண்ணுக்குப் பேசுவார். "பயப்படாதீங்க, ஆளு நல்லாத்தான் இருக்காரு. வந்து கூட்டிட்டுப் போங்க." புத்திமதி சொல்ல மாட்டார். வாய்விட்டு ஜெபிக்கவும் மாட்டார்.

எதிரே ரீசார்ஜ் கடை வைத்திருக்கும் காஜா நஜ்முதீன் தினமும் கேட்பார். "என்ன முத்தையா, இன்னைக்கு எத்தன உருப்படி?"

"மூணு பாய். ஒண்ணு ஒங்க கடை வாசல்ல."

"அப்ப வாடகை வாங்கிக் குடுத்துட்டுப் போ."

முத்தையனுக்கு வயது ஐம்பத்திரண்டு. கட்டை உருவம், நகக்கண்ணில் போகாத கிரீஸ். ஏழு வருஷத்துக்கு முன் அவரும் தம்பி கருப்பையனும் குடித்துவிட்டு மீன் ஏலக் கொட்டகையில் படுத்தார்கள். தம்பி மல்லாந்து படுத்திருந்தான். விடிந்து முத்தையன் எழுந்தபோது, வாந்தி தொண்டையில் அடைத்து அவன் செத்து வெகுநேரம் ஆகியிருந்தது. இருவருக்கும் நடுவில் ஒரு கை தூரம்தான். அதன்பிறகு மீனவர் தெருவில் அவருக்குப் பெயர் 'தம்பியத் தின்னவன்'. மனைவி குஞ்சம்மாள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அவர் இன்னும் அதிகமாகக் குடித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தகரக் கூரை போட்ட ஒரு ஜெபக்கூடத்தின் வாசலில் போய் விழுந்தார். உள்ளே தூக்கிப் போய், முகத்தைத் துடைத்து, சோறு போட்டார்கள். பெயர் என்ன என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது அவருக்கு. ஞானஸ்நானத்தின்போது, புதுப் பெயர் வைக்கட்டுமா என்றார் பாஸ்டர். "முத்தையனாவே இருக்கேன் பாஸ்டர். அவனத்தான ஆண்டவர் கூப்பிட்டாரு." எதற்குக் கூப்பிட்டார் என்பதிலும் அவருக்குச் சந்தேகம் இல்லை. "எனக்குப் பாட்டு வராது பாய், பிரசங்கம் வராது. இது ஒண்ணுதான் வரும்" என்பார் காஜாவிடம்.

குடி நின்றதும் குஞ்சம்மாள் திரும்பி வந்தாள். அவளும் சபையில் சேர்ந்தாள். ஆனாலும் தினமும் அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "வாயத் தொறங்க" என்பாள். அவர் சின்னப் பிள்ளை மாதிரி ஆவென்று திறப்பார். முகர்ந்து பார்த்தபிறகுதான் சோற்றுப் பானையைத் திறப்பாள்.

வாயில் வாடை இல்லை. சட்டையில் இருந்தது. மூன்று மாதத்துக்கு முன், மாதத்தின் முதல் ஞாயிறு. அன்றைக்குத்தான் சபையில் அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் திருவிருந்து. வரும் வழியில் ஒருவனைத் தூக்கிவிட்டு வந்த முத்தையன் வரிசையில் உட்கார்ந்து கையை நீட்டினார். கிண்ணத்தோடு வந்த சபை மூப்பர் குனிந்தார், நின்றார், மூக்கைச் சுளித்தார், அடுத்த ஆளுக்குப் போனார். முத்தையனின் கை சற்று நேரம் அப்படியே நீண்டிருந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து குஞ்சம்மாள் பார்த்தாள்.

பாஸ்டர் தனியே அழைத்துப் பேசினார். "ஒங்க மேல எனக்குச் சந்தேகம் இல்லண்ணே. ஆனா தெனம் பிராந்திக்கடை வாசல்ல நிக்கிறீங்க. சபைக்குத்தான் கெட்ட பேரு. மூணு மாசம் அந்தப் பக்கமே போகாதீங்க. அப்புறம் பந்தியில சேத்துக்கலாம்."

"நான் போகலேன்னா அவங்களுக்கு?"

"ஆண்டவர் பாத்துக்குவாருண்ணே."

வீட்டில் குஞ்சம்மாள் சொன்னாள்: "நீங்க குடிக்கலன்னு எனக்குத் தெரியும். ஆனா சபையில எம் பக்கத்துல யாரும் உக்கார மாட்டேங்குறாங்க. பழையபடி நாதியத்துப் போவணுமா நாம?"

முத்தையன் மறுநாளிலிருந்து சைக்கிளை வேறு பாதையில் விட்டார். சுற்றுவழி, இரண்டு மைல் கூடுதல். இரண்டாம் மாதம் ரீசார்ஜ் கடைக்காரரைச் சந்தையில் பார்த்தார். பாய் அன்று கிண்டல் செய்யவில்லை. "செவ்வாக்கெழம ஒருத்தன் போயிட்டான் முத்தையா. சின்ன வயசு. மல்லாக்கக் கெடந்திருக்கான். எனக்கு அந்த வெவரம் தெரியல" என்றார். முத்தையன் வாங்கிய மீனைத் தராசிலேயே விட்டுவிட்டு வந்தார். அன்று குஞ்சம்மாள் சோறு போட்டுக் கூப்பிட்டும் அவர் எழுந்திருக்கவில்லை.

கெடு போன ஞாயிறோடு முடிந்தது. அன்று மறுபடியும் திருவிருந்து. குஞ்சம்மாள் இரண்டு முறை நீலம் போட்டு அலசிய வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கையில் வேதப்புத்தகம். சபைக்குப் போகும் பஸ்ஸுக்காகக் கோட்டுச்சேரி நிறுத்தத்தில் இருவரும் நின்றார்கள். சாலைக்கு அந்தப் பக்கம், பூட்டிய கடை ஒன்றின் வாசலில் ஒருவன் கிடந்தான். மல்லாந்து, வாய் பிளந்து, முகத்தில் நேர் வெயில். குஞ்சம்மாளும் பார்த்தாள்.

"ஏங்க, பஸ் வந்துருச்சு."

"வந்துட்டேன்."

"இன்னைக்கு ஒரு நாளுங்க. ஒங்கள கையெடுத்துக் கும்புடுறேன்."

பஸ் நின்றது. ஜன்னலோரங்களில் வெள்ளை உடுத்த சபைக்காரர்கள். முத்தையன் சாலையைக் கடந்தார். முழங்காலை மடக்கினார், தள்ளினார், விரலை விட்டு வழித்தார். கனத்த ஆள், அவனை நிழலுக்கு இழுக்க அவர் ஒருவரால் முடியவில்லை. எதிரே காஜாவின் கடை இன்னும் திறக்கவில்லை. குஞ்சம்மாள் பஸ் படியில் ஒரு காலை வைத்தபடி நின்றாள். கண்டக்டர் விசில் கொடுத்ததும் ஏறிக்கொண்டாள். பஸ் போயிற்று.

முத்தையன் புழுதியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வேதப்புத்தகத்தை நடுவில் விரித்து, இரண்டு கையாலும் உயர்த்தி, அவன் முகத்தில் வெயில் விழாமல் பிடித்துக்கொண்டார்.