வௌவாலுக்கு விரித்த வெள்ளை

வௌவால் எண்ணுகிறவனுக்கு முதலில் கெட்டுப்போவது கழுத்து, பிறகு தூக்கம், கடைசியில் நல்ல பெயர். சுனாமி வந்து போன பிறகு மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் வீடு, வீதி, பாலம் என்று கட்ட வந்தார்கள். கட்டுவதற்கு முன் அந்த இடத்தில் என்னென்ன உயிர் வாழ்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பறவைக்கு ஒருவர், மீனுக்கு ஒருவர், மிஞ்சிய வௌவாலுக்கு நான். ஊரெல்லாம் ஆட்களைத் தேடிக்கொண்டிருக்க, நான் கூரைகளைத் தேடிக்கொண்டு திரிந்தேன். ஏதோ ஒரு படிவத்தை நிரப்புவதற்காக முன்பின் தெரியாதவர் வாசலில் நின்று பேச்சு வாங்கியவர்களுக்கு இது விளங்கும்.

பத்து யார்

கூரைக்குள் வௌவால் உண்டா என்று அறிய எளிய வழி ஒன்று இருக்கிறது. பின்னேரம் கீழே வெள்ளைத் துணியை விரித்துவிட்டு வர வேண்டும். காலையில் எச்சம் விழுந்திருந்தால் மேலே குடியிருப்பு உண்டு. முதல் துணியைக் காத்தான்குடியில் ஒரு புடவைக் கடையில் கேட்டேன். அங்கே துணியை மூன்றடி யாரில் அளப்பார்கள், அண்ணனைக் காக்கா என்பார்கள். "வெள்ளையில பத்து யார் வேணும், காக்கா."

கடைக்காரரின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "ஆம்புளையா, பொம்புளையா?" என்றார்.

"ரெண்டும் இருக்கும்."

"எத்தின பேர்?"

"இன்னும் எண்ணல்ல."

அவர் கத்தரியை மேசையில் வைத்துவிட்டு, ஒரு கதிரையை என் பக்கம் தள்ளினார். குடிக்கத் தண்ணீர் வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மௌத்தானவரைச் சுற்றி அடக்கும் கபன் துணியை வெட்டும்போது ஆணுக்கு ஓர் அளவு, பெண்ணுக்கு ஓர் அளவு. அவசரமாக வௌவால் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவுமில்லை, ஏசவுமில்லை. துணியை வெட்டி மடித்துக் கையில் தந்தார். "முதலே சொல்லியிருக்கலாமே தம்பி. அந்தச் சுனாமிக் கிழமைக்குப் பிறகு ஆரும் வெள்ளை கேட்டா என்ட கை தன்பாட்டுல அளக்குது."

பாலத்தடி

வௌவாலின் சத்தம் நம் காதுக்கு எட்டாது. அதை எட்ட வைக்கிற கைப்பெட்டி ஒன்றை எனக்குத் தந்திருந்தார்கள். சண்டை மறுபடி தொடங்கியிருந்த நாட்களில், பொழுது படும் நேரம் பாலத்துக்குக் கீழே அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆமிக்காரர் இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். இளையவருக்குக் கொஞ்சம் தமிழ் வந்தது. பெட்டியை வாங்கிக் காதில் வைத்தார். அந்த நேரம் பார்த்து ஒரு வௌவால் தாழப் பறக்க, பெட்டி படபடவென்று அடித்தது. அவர் துவக்கை இறுக்கிப் பிடித்தார்.

நான் மேலே காட்டினேன். பார்த்தார். இன்னொன்று போனது, பெட்டி மறுபடி அடித்தது. பிறகு பெட்டியைத் திருப்பித் தந்துவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தார். "அதுக்கு ஊரடங்கு இல்ல. ஒங்களுக்கு இருக்கு. போங்க."

இருப்புக் கொள்ளாதவன்

எங்கள் வான் வண்டியை ஓட்டியவர் அல்பட் அண்ணன். போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர், மூன்று தலைமுறைத் தச்சர். எங்கள் ஏணி அவர் செய்ததுதான். செட்டிபாளையத்தில் ஓர் உடைந்த மீன் வாடியிலிருந்து வௌவால் எல்லாம் வெளிக்கிட்டுப் பறந்து முடியும்வரை ஆடாமல் இருந்து எண்ண வேண்டும். நானோ எழும்புவேன், வீதியைப் பார்ப்பேன், தூரத்தில் ஏதும் வெடித்தால் எண்ணிக்கை தவறி முதலிலிருந்து தொடங்குவேன். அல்பட் அண்ணன் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அதுகள் தலைகீழாத் தொங்கிக்கொண்டு நிம்மதியா நித்திரை கொள்ளுது. நீ நேரா நிண்டும் ஆடுறாய்."

கதிரவெளி வீடு

சண்டையில் கதிரவெளி ஊர் முழுக்க இடம்பெயர்ந்து போயிருந்தது. ஆட்கள் திரும்பி வருமுன், இடித்துப் புதிதாகக் கட்டவேண்டிய வீடுகளைப் பார்த்து எழுதச் சொல்லி அனுப்பினார்கள். அரைவாசி ஓடு மிஞ்சிய ஒரு வீட்டின் நடு அறையில் துணியை விரித்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் சனம் வந்து இறங்கியது எனக்குத் தெரியாது.

நான் போனபோது அந்த வீட்டுக்காரி, மலர் அக்கா, தலையில் மூட்டையோடு வாசலில் நின்றார். பின்னால் புருஷன், மூன்று பிள்ளைகள். யாரும் உள்ளே கால் வைக்கவில்லை. எல்லோரும் தரையில் நீட்டி விரித்திருந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஆர் விரிச்ச?"

"நான்தான், அக்கா."

"நாங்க அஞ்சு பேரும் உசிரோட வந்து நிக்கிறம். ஆரைக் கிடத்த விரிச்சிருக்கிறீங்க?"

அரை மணித்தியாலம்

துணி நிறைய எச்சம். டோர்ச் அடித்துப் பார்த்தால் கூரையின் வளை மரத்தில் தாய் வௌவால்கள், வயிற்றில் ஒட்டிய குட்டிகளோடு. குட்டி பறக்கும்வரை கூரையில் கை வைக்கக்கூடாது என்பது விதி. மாத முடிவுக்குள் வேலை தொடங்காத வீடு கட்டிக் கொடுக்கும் பட்டியலிலிருந்து விழும் என்பது இன்னொரு விதி. மாரி மழை வேறு வரப்போகிறது. மலர் அக்காவின் புருஷன் அதற்குள் மரத்தடியில் தறப்பாள் கட்டத் தொடங்கியிருந்தார்.

"இல்லையெண்டு எழுதினா என்ன?" என்று கேட்டார் அக்கா.

எழுதலாம். பேனையும் கையில் இருந்தது. எழுதினால் நாளைக்கே கூரையைப் பிரிப்பார்கள், குட்டிகள் இந்தத் தரையில்தான் விழும் என்று சொன்னேன். அவர் அண்ணாந்து கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரி, மறுகா எத்தின நாள் வேணும் அதுகளுக்கு?"

"ஒரு மாசம்."

"எங்களுக்கு வெளிக்கிட அரை மணித்தியாலம்தான் கிடைச்ச, தம்பி."

வாசல்

வீட்டை மூன்று தரம் சுற்றினேன். அல்பட் அண்ணன் அளவு நாடாவோடு அடுப்பிருந்த குசினிப் பக்கம் நின்றார். நடு அறையை விட்டுவிட்டு இந்தப் பக்கம் அத்திவாரம் வெட்டினால் வேலை தொடங்கியதாகத்தானே கணக்கு என்றார். அப்படியே எழுதினேன். வீடுகளுக்குப் பொறுப்பான எஞ்சினியர் இரண்டு தரம் வாசித்துவிட்டு, என் முகத்தைப் பாராமல் கையெழுத்துப் போட்டார். வீடு பட்டியலில் நின்றது. முதல் மழையை அந்தக் குடும்பம் தறப்பாளுக்குக் கீழேதான் கழித்தது. வௌவால்கள் ஓட்டுக்குக் கீழே.

யுத்தம் முடிந்தபின் வீதி வேலைக்காக அந்தப் பக்கம் போனேன். வீடு முழுசாக நின்றது. வாசலில் ஒரு வெள்ளைத் திரை தொங்கியது. எத்தனை தரம் தோய்த்தும் போகாத கறைகளைப் பார்த்ததும், அவசரத்தில் நான் விட்டுவந்த துணி என்று தெரிந்தது.

"என்ன பார்க்கிறீங்க? உங்கடதான்," என்றார் மலர் அக்கா. "அந்தக் காலத்தில விரிச்ச வெள்ளையில ஒருத்தரையும் கிடத்தாதது இது ஒண்டுதான் தம்பி. வாசலில கிடக்கட்டும்."

எண்ணியதெல்லாம் அறிக்கைகளில் இருக்கிறது. எனக்கு மிஞ்சியது குனிய மறுக்கிற ஒரு கழுத்தும், புடவைக் கடையில் வெள்ளை கேட்கக் கூசுகிற ஒரு நாக்கும்தான்.