இரண்டாவது வாய் திறக்கும் சத்தம்

எனக்கு வேன் ஓட்டத் தெரியாது. ஆனால் காபரேட்டரின் இரண்டாவது வாய் எப்போது திறக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். தொண்ணூறுகளில் கல்முனையில் அதைச் சொல்லக்கூடிய ஒரே பெண் நானாகத்தான் இருந்திருப்பேன். பெருமைப்பட ஒன்றுமில்லை. என் மனிசனுக்குக் காது போனதால் வந்த வித்தை அது.

சந்தைப் பக்கம் குண்டு வெடித்த அன்று அவர் மிக அருகில் நின்றார். உடம்பில் ஒரு கீறலும் இல்லை. அடைத்த காது இரண்டும் பிறகு திறக்கவே இல்லை. என் சீதன வீட்டு முற்றத்தில் கொட்டில் போட்டு அவர் வேன் திருத்திக்கொண்டிருந்தார். மற்ற வேலைகளுக்குக் கண்ணும் கையும் போதும். காபரேட்டருக்குக் காது வேண்டும்.

அந்த ஜப்பான் வேன்களின் காபரேட்டருக்கு வாய் இரண்டு. முதலாவது காலால் மிதித்தால் திறக்கும். இரண்டாவது யார் சொல்லும் கேளாது. இன்ஜின் மூச்சு முட்டிக் காற்றை இழுக்கும்போது ஒரு மெல்லிய ரப்பர் தகடு அசைந்து, கம்பியை இழுத்து, அதைத் திறக்கும். அதை அடக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் கடினமாக இருந்தால் வாய் பிந்தித் திறக்கும். ஆள் ஏற்றிய வேன் முக்கி முனகும். இளக்கமாக இருந்தால் முந்தித் திறந்து வேன் திக்கும். கொட்டிலில் நிறுத்திவைத்து இதைப் பார்க்க ஏலாது. மண் மூட்டை ஏற்றிக்கொண்டு வீதியில் ஓடத்தான் வேண்டும். திறக்கும்போது அடித்தொண்டையிலிருந்து வருவதுபோல ஒரு சத்தம் வரும்.

ஆகவே அவர் ஓட்ட, நான் பின்சீட்டில் இருப்பேன். சத்தம் வந்ததும் அவர் தோளில் ஒரு தட்டு. வீதிச் சென்றியில் துவக்கோடு காவல் நிற்கும் ஆமிக்காரன் நிற்கச் சொல்லிக் கத்தினால் இரண்டு தட்டு. வீட்டில் கையை ஆட்டி முகத்தைக் கோணிச் சண்டை பிடிப்பதே எங்களுக்கு அலுத்துப் போயிருந்தது. வேனில் மட்டும் பழையபடி புருசன் பெண்சாதியாக இருந்தோம். எனக்கு அது பிடித்திருந்தது.

ஊருக்குப் பிடிக்கவில்லை. ஒருநாள் என் கூடப்பிறந்த மூத்த காக்கா கொட்டிலுக்கு வந்து நின்று கத்தினார்.

"ஊரான்ட வேனுக்குள்ள ஏறி இவள் றோட்டு றோட்டாத் திரியிறாள். பள்ளிவாசல்ல என்னால தலை காட்ட ஏலாமக் கிடக்கு மச்சான்!"

மச்சானுக்குக் கேட்கவில்லை, தெருவுக்கே கேட்டது. ஆனால் என் முகத்தைப் பார்த்தே அவர் விளங்கிக்கொண்டார்.

அதன்பிறகு கொஞ்ச நாள் யோசித்துக்கொண்டு திரிந்தவர், ஒரு காலையில் என்னைக் கூப்பிட்டு ஒரு கடதாசிக் கிளிப்பைக் காட்டினார். அதை அந்தக் கம்பியில் இறுக்கி மாட்டியிருந்தார். வாய் திறக்கும்போது கம்பி கிளிப்பைத் தள்ளிவிடும். திரும்பி வந்து பார்த்தால் எவ்வளவு திறந்தது என்று தெரியும்.

"இனி நீ வரத் தேவல்ல புள்ள. உனக்கும் கரைச்சல் இல்ல, காக்காக்கும் கரைச்சல் இல்ல."

அவர் முகத்தில் அப்படியொரு சந்தோசம். "என்னைத் தள்ளிவெச்சிட்டு ஒரு கம்பித்துண்டக் கட்டிக்கிட்டீங்களாக்கும்" என்றேன், கேட்காது என்ற தைரியத்தில். காக்கா அல்ஹம்துலில்லாஹ் சொன்னார். ஒரு தட்டுக்குத்தான் கிளிப் மாற்று. மற்ற இரண்டு தட்டும் எங்களில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

இருக்கிற சென்றிகள் எல்லாம் அவருக்குத் தெரியும். கிட்ட வரும்போதே மெதுவாக்கிவிடுவார். அவர் தனியாக ஓடிப் பார்க்கப் போன ஒருநாள், அக்கரைப்பற்று வீதியில் ஒரு வளைவு தாண்டிப் புதிதாக ஒருவனை நிறுத்தியிருந்தார்கள். தடுப்பு இன்னும் வைக்கவில்லை. தென்னை நிழலில் நின்றவன் கத்தியிருக்கிறான். முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்தவருக்கு எப்படிக் கேட்கும்? திரும்பத் திரும்பக் கத்திவிட்டுத்தான் சுட்டானாம். காக்காதான் மையித்தை எடுத்து வந்தார்.

நாலு மாதமும் பத்து நாளும் நான் வெளியே வராமல் இத்தா இருந்த அறைக்குப் பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். எல்லோரும் ஆளுக்கு ஆள் ஒரே கதையைத்தான் சொன்னார்கள்.

"நல்லகாலம் புள்ள, நீ அந்த வேனுக்குள்ள இருக்கல்ல."

இருந்திருந்தால் வேன் நின்றிருக்கும்.