பொட்டு வைத்த பெட்டி

போன வாரம் ஆயுத பூஜை அன்று எங்கள் வீட்டில் ஒரு பெட்டியை நிறுத்தினேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

பெட்டி என்றால் துணிப்பெட்டி இல்லை. டிபன் பாக்ஸ் அளவுக்குக் கறுப்பாக ஒன்று. என் மருமகள் ஹேமா அதை சர்வர் என்கிறாள். முன்பக்கம் ஒரு பச்சை விளக்கு விட்டு விட்டு மினுக்கிக்கொண்டே இருக்கும். மேலே ஒரு காகிதத்தில் இங்கிலீஷில் ஏதோ எழுதி ஒட்டியிருந்தாள். நான் ஐந்தாவதோடு நின்றவள். பெட்டியின் பெயராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஹேமாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனி வேலை. திங்கள் விடியற்காலை ரயில் ஏறினால் வெள்ளிக்கிழமைதான் வீடு. நடுவில் ஹாஸ்டல். என் மகன் தயாளன் இங்கே பிள்ளையார்பாளையத்தில் தறியில். கல்யாணமாகி ஆறு வருஷம் இப்படியே ஓடியது. மூன்று மாதம் முன்பு வேலையை விட்டுவிட்டு, சொந்தமாக ஒன்று செய்கிறேன் என்று வந்து உட்கார்ந்தாள்.

என்ன செய்கிறாள்? மருந்து குடோனில் பெரிய பெரிய ஃப்ரிட்ஜ் இருக்கும் அல்லவா... இன்சுலின், தடுப்பூசி எல்லாம் வைக்கிற ஃப்ரிட்ஜ். ஒவ்வொன்றிலும் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவியை வைத்திருக்கிறாள். உள்ளே எவ்வளவு குளிர் என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை அது நம் வீட்டுப் பெட்டிக்குச் சொல்லும். குளிர் குறைந்தால் பெட்டி குடோன் மேனேஜருக்கு போன் போடும். அவ்வளவுதான். கேட்கச் சின்ன வேலையாக இருக்கிறது. அதற்கே மூன்று மாதம் அவள் முதுகு நிமிரவில்லை.

பத்து நாள் பெட்டி நிற்காமல் ஓட வேண்டும் என்பது மேனேஜர் போட்ட கண்டிஷன். ஓடினால் அவர்களுடைய எல்லா குடோனும் ஹேமாவுக்கு. நின்றால்? பழைய கம்பெனி திரும்பக் கூப்பிட்டிருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். மறுபடியும் ரயில், மறுபடியும் ஹாஸ்டல்.

ஆயுத பூஜை, ஏழாவது நாள்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பொட்டு வைத்துவிட்டால் மறுநாள் காலை வரை அந்தச் சாமானில் யாரும் கை வைக்கக் கூடாது. தறி, தறியில் ஓடுகிற நாடா, கத்தரிக்கோல், அரிவாள்மனை எல்லாவற்றுக்கும் ஓய்வு. காயை முன்கூட்டியே நறுக்கி வைத்துவிடுவேன். பத்திரிகையில் வாராவாரம் இந்தப் பக்கத்தை எழுதுகிற பேனாவுக்குக்கூடப் பொட்டு உண்டு. ஹேமா தன் லேப்டாப்பை அவளே மூடிக் கொண்டுவந்து பூஜையில் வைத்தாள். பிறகு இரண்டு பேரும் ஓரிக்கையில் அவளுடைய அம்மா வீட்டுக்குப் பொரி கொடுக்கக் கிளம்பிப் போனார்கள்.

நான் சந்தனக் கிண்ணத்தோடு அறை அறையாகப் போனேன். பீரோ, ஃப்ரிட்ஜ், தையல் மெஷின்... ஷெல்ஃபில் அந்தப் பெட்டி. பொட்டு வைத்தேன். விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது.

ஓடுகிற தறிக்கு யாராவது பொட்டு வைப்பார்களா? நிறுத்தித்தான் வைப்போம். எல்லாம் ஓய்வெடுக்கும்போது இது மட்டும் ஏன் உழைக்க வேண்டும்? பத்து நாள் கண்டிஷன் எனக்குத் தெரியாதா... தெரியும். ஆனால் பூஜை நாளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருப்பார்கள் என்று என் மனசு தானாகவே சொல்லிக்கொண்டது. கரண்ட் போனாலும் பெட்டி ஓட ஹேமா வைத்திருந்த பேட்டரியில் செருகியிருந்த வயரைப் பிடித்து இழுத்தேன். விளக்கு அணைந்தது. கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

நான்கு மணிக்கு இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். ஹேமா செருப்பைக்கூடக் கழற்றவில்லை, போன் அடித்தது. குடோன் மேனேஜர். ஸ்க்ரீனில் குளிர் அளவு காலையிலிருந்து ஒரே நம்பர்தான் காட்டுகிறது, மாறவே இல்லை என்கிறார். லீவு நாள் என்று அதுவரை குடோனில் யாரும் ஸ்க்ரீனைப் பார்க்கவில்லை. போன் போட்டுச் சொல்ல வேண்டியதே பெட்டிதான். அதுவே வாயை மூடிக்கொண்டால் யார் சொல்வார்கள்?

அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு காரியம் செய்தேன், எழுத வெட்கமாக இருக்கிறது. அவள் வாசலிலேயே பேசிக்கொண்டிருந்தபோது, சத்தமில்லாமல் அறைக்குள் போய் வயரைச் செருகிவிட்டேன். விளக்கு மினுக்கியது. சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

சரியாகவில்லை. பெட்டி எழுந்தது, அதற்குள் ஹேமா எழுதி வைத்த ப்ரோக்ராம் எழவில்லை.

பொட்டு வைத்த லேப்டாப்பைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டாள். அதைத் தடுக்கிற நிலைமையிலா நான் இருந்தேன்? அந்தப் பெட்டி தனக்கு நடந்ததையெல்லாம் வரி வரியாக எழுதி வைத்துக்கொள்ளுமாம். பத்தே முக்காலுக்கு நின்றது, நாலு மணி ஆறு நிமிஷத்துக்கு எழுந்தது — நிமிஷம் தவறாமல் போட்டிருந்தது. யார் பிடுங்கினார்கள் என்பதை மட்டும் அது எழுதவில்லை.

"கரண்ட்டே போவல. பேட்டரி ஃபுல்லா இருக்குது. தானா நின்னு தானா எழுந்திருக்குது" என்றாள் ஹேமா.

"உன் பெட்டியும் பூஜைக்கு லீவு எடுத்துக்கிச்சா" என்று தயாளன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. நானும்தான்.

பெட்டியில் பொட்டு பளிச்சென்று இருந்தது. அவள் சந்தேகப்படவே இல்லை. அன்றைக்கு வீட்டில் பொட்டு இல்லாத சாமான் எது?

ப்ரோக்ராமை மறுபடி ஓடவிட்டாள். நம்பர்கள் வந்தன. ஃப்ரிட்ஜ்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று குடோன் வாட்ச்மேனும் போய்ப் பார்த்துச் சொல்லிவிட்டார். ஆனால் ஐந்து மணிக்கு வீடியோ காலில் வரச் சொல்லியிருந்தார் மேனேஜர். ஹேமா முகம் கழுவி, தலை வாரிக்கொண்டு உட்கார்ந்தாள். காரணம் தெரியாமல் நிற்கிற பெட்டியை நம்பி மருந்து வைக்க முடியாது, நானே விலகிக்கொள்கிறேன் என்று சொல்லப் போகிறேன் என்றாள் தயாளனிடம். திங்கட்கிழமை வரைக்கும் இழுப்பானேன், பழைய கம்பெனிக்கும் வருகிறேன் என்று இன்றைக்கே எழுதிவிடுகிறேன் என்றாள்.

நான் கதவுக்குப் பின்னால். அரைமணி நேரமாக அங்கேதான் நின்றேன். வாராவாரம் உங்களோடு இவ்வளவு பேசுகிறேனே, அது பேனா பேசுவது. வேற்று ஆட்கள் எதிரில் எனக்கு நாக்கு எழாது. ரேஷன் கடையில்கூடக் கார்டை நீட்டுவேன், வாங்குவேன், வந்துவிடுவேன். ஹேமாவிடமாவது தனியாகச் சொல்லியிருக்கலாம். சொல்லுகிறேன், சொல்லுகிறேன் என்று அந்த அரைமணியும் போய்விட்டது.

"சார், பெட்டியிலதான் கோளாறு. காரணம் தெரியல. அதனால இந்த ட்ரையலை..."

"நான்தான்பா புடுங்கினேன்."

என் குரல்தான். எப்போது மேசைப் பக்கம் வந்தேன் என்றே தெரியவில்லை. ஸ்க்ரீனில் கண்ணாடி போட்ட ஒருவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹேமா திரும்பினாள்.

"எதுக்கும்மா புடுங்கினீங்க?" என்று கேட்டார் அவர். கோபமாகக் கேட்கவில்லை.

"பொட்டு வெச்சேன்பா. பொட்டு வெச்சா ஓடக் கூடாது... மறுபடி சொருகினதும் நான்தான். பெட்டி மேல தப்பு இல்ல. அந்தப் பொண்ணு மேலயும் இல்ல."

அவர் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். அவருக்குப் பின்னால் ஒரு ஃப்ரிட்ஜ். அதன் நெற்றியிலும் சந்தனம், குங்குமம்.

"இந்தப் பெட்டி நாளைக்கு இங்கதான் வரப்போவுது. எங்க ஆளுங்களும் இதையேதான் செய்வாங்க" என்றார். "ஹேமா, யாராவது புடுங்கிட்டு மறுபடி சொருகினா அது தானா எழுந்திருக்குமா? புடுங்கினா எனக்கு யார் சொல்லுவாங்க?"

கரண்ட் போனால் பேட்டரி இருக்கிறது, நெட் போனால் இன்னொரு நெட் இருக்கிறது. மாமியார் வந்தால் என்ன செய்வது என்று மட்டும் அவள் யோசித்திருக்கவில்லை.

ட்ரையல் மறுபடி முதல் நாளிலிருந்து என்றார் மேனேஜர். கண்டிஷனும் மாறியது. நிற்காமல் ஓட வேண்டும் என்பதில்லை. தினம் ஒருமுறை, சொல்லாமல் கொள்ளாமல், வயரைப் பிடுங்க வேண்டும். உடனே தகவல் வர வேண்டும். செருகினால் தானாக எழ வேண்டும். பிடுங்குவது யார்? "அம்மாவே புடுங்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

அன்று ஹேமா என்னோடு பேசவில்லை. மறுநாள் காலை காபி கொடுத்தபோதுதான், "நாலு மணிக்கே சொல்லியிருக்கலாம்ல அத்தை" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை. அந்த ஒன்று போதாதா? நின்றால் நின்றேன் என்று பெட்டி எழுதி வைக்கிறது. அதற்கு வெட்கம் கிடையாது. நமக்குத்தான்.

இரண்டு நாள் உட்கார்ந்து ஏதேதோ மாற்றினாள். நம் பெட்டியின் பேச்சு நின்றால், வேறெங்கோ வாடகைக்கு எடுத்த ஒரு மெஷின் போன் போடும். அந்த போன் முதலில் என் நம்பருக்குத்தான் வரும். நான்தான் எப்போதும் வீட்டில் இருக்கிறேனாம். இங்கிலீஷ் காகிதத்தைக் கிழித்துவிட்டுத் தமிழில் ஒட்டியிருக்கிறாள்: 'நிறுத்துவதற்கு முன் ஹேமாவிடம் சொல்லவும்.' கீழே சின்னதாக: 'அத்தைக்கு மட்டும் அனுமதி உண்டு.'

திங்கட்கிழமை வந்தது. ட்ரையல் பாதிகூட முடியவில்லை. லேப்டாப்பில் ஏதோ தட்டிவிட்டு மூடினாள். என்னம்மா எழுதினாய் என்று கேட்டேன்.

"வரலைன்னு எழுதிட்டேன் அத்தை. நீங்க ஒழுங்கா புடுங்குங்க."

இப்போது சொல்லுங்கள், எனக்குச் சோறு இறங்குமா? பிடுங்கிவிட்டு போன் வருகிற வரைக்கும் பெட்டியை விட்டு நகர முடிவதில்லை. மூன்றாம் நாள் வரவே இல்லை. வீடெல்லாம் போனைத் தேடினேன். பார்த்தால், என் போன் சமையலறையில் சார்ஜ் இல்லாமல் கிடந்தது.

இன்று ஆறாவது நாள். காலையில் பிடுங்கினேன். போன் அடித்தது. எடுத்தேன். ஹேமா பேசிப் பதிவு செய்து வைத்த குரல்: "பெட்டி நின்னுடுச்சு."

"நான்தான்மா" என்றேன், அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று தெரிந்தும்.