இந்தி எழுத்தில் எழுதிய தமிழ்

சுதந்திரத்தின் எழுபத்தைந்தாம் ஆண்டு எங்கள் தீவுக்கு ஆகஸ்ட் மழையோடு சேர்ந்து வந்தது. வீட்டுக்கொரு கொடி கொடுத்தார்கள். கோலப் போட்டி, கயிறு இழுக்கும் போட்டி, படகு நிற்கும் ஜெட்டியைக் கூட்டிப் பெருக்குவது, மரக்கன்று நடுவது என்று பஞ்சாயத்து எங்களை ஒரு வாரம் உட்கார விடவில்லை. நான் அங்கன்வாடிப் பணியாளர். யார் எதை நடத்தினாலும் நாற்காலி போடுவதிலிருந்து பூ வாங்குவதுவரை எங்கள் தலையில்தான் விடியும். அதையெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே செய்துவிடுவேன். அந்த வாரம் என்னைப் போட்டு வாட்டியது வேறொன்று.

பாராடாங் என்கிற எங்கள் தீவில் எல்லா மொழிக்காரர்களும் இருக்கிறோம். வங்காளி, தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர், நாங்கள். விழா அன்று ஒவ்வொரு மொழியிலும் ஒருவர் ஐந்து நிமிடம் பேசவேண்டும் என்று பஞ்சாயத்துத் தலைவருக்குத் தோன்றிவிட்டது. அவர் வங்காளி. என்னைப் பார்த்து, "தீதி, தமிழ் மே ஆப் போலியே. லிக்கே லானா," என்றார். தமிழுக்கு நான் எழுதிக்கொண்டு வந்து பேசவேண்டுமாம். சரியென்று தலையாட்டிவிட்டு வந்தேன். வீடு வந்து சேர்வதற்குள் என்னையே நான் பத்துத் தடவை திட்டிக்கொண்டேன்.

எனக்கு அப்போது தமிழ் படிக்கவும் தெரியாது, எழுதவும் தெரியாது. பேசுவேன், சண்டை போடுவேன், கனவுகூடத் தமிழில்தான் வரும். ஆனால் படித்தது இந்திப் பள்ளியில். இந்தப் பக்கங்களை எழுதும் அளவுக்கு எழுத்துக் கற்றது அந்த விழாவுக்குப் பிறகுதான். ஊரில் பாதிப் பேருக்கு உள்ள குறை இது, இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது. ஆனால் எனக்குத் தமிழ் படிக்கத் தெரியும் என்று என் அம்மா முப்பத்தைந்து வருடமாக நம்பிக்கொண்டிருந்தாள். நம்ப வைத்தவள் நான்.

அம்மா இலங்கையில் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். இரண்டு அரசாங்கமும் பேசி ஆட்களைப் பங்கு பிரித்தபோது அம்மாவுக்கு இந்தியா என்று வந்தது, அவளுடைய அக்காவுக்கு வரவில்லை. அப்பாவோடு கப்பலேறி, ரப்பர் தோட்ட வேலைக்கென்று இந்தத் தீவுகளுக்கு வந்து, நான் பிறந்த பிறகு பாராடாங்கில் தங்கிவிட்டார்கள். பெரியம்மாவிடமிருந்து கடிதம் வரும். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, அப்பாதான் உரக்கப் படிப்பார், பதிலும் எழுதுவார். எனக்குப் பத்து வயதாகும்போது அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அடுத்து வந்த கடிதத்தை அம்மா என்னிடம் நீட்டினாள்.

ஒரு எழுத்துகூடப் பிடிபடவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தேன், தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "அன்புள்ள தங்கச்சிக்கு, இங்கே எல்லாரும் சுகம், மழை நல்லாப் பெய்யுது," என்று வாய்க்கு வந்ததைப் படித்தேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொருக்கா படி புள்ள," என்றாள். இரண்டாம் முறை படிக்கும்போது மாடு கன்று போட்டதையும் சேர்த்துக்கொண்டேன்.

அத்தோடு நின்றிருந்தால் சின்னப் பிள்ளைத்தனம் என்று விட்டிருக்கலாம். அம்மா சொல்லச் சொல்ல நான் பதிலும் எழுதினேன். தமிழைத்தான் எழுதினேன், இந்தி எழுத்தில். அதில் தப்பு இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை. ஜெட்டிப் பலகை, ரேஷன் கடைப் பலகை, வங்காளியின் டீக்கடை விலைப்பட்டியல் எல்லாம் அந்த எழுத்தில்தான் இருந்தன. உலகத்தில் படித்தவர்கள் எல்லோருக்கும் அது தெரியும் என்று நினைத்தேன். முகவரியை மட்டும் பழைய உறையைப் பார்த்து இங்கிலீஷில் வரைந்தேன்.

மூன்று கடிதம் வந்தது, மூன்று பதில் போட்டேன். பிறகு ஒன்றும் வரவில்லை.

"அக்காளுக்கு நம்ம நெனப்பு அத்துப்போச்சு," என்று அம்மா முதலில் வருத்தமாகச் சொன்னாள், பிறகு ஆத்திரமாகச் சொன்னாள், பிறகு அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள். வேறு யாரிடமாவது எழுதச் சொல்லிக் கேட்டிருக்கலாம். ஆனால் மெயின்லேண்டிலிருந்து வந்த தமிழர்கள் எங்களைச் சிலோன்காரர்கள் என்று கொஞ்சம் தள்ளியே வைத்திருந்தார்கள். வீட்டுக் கடுதாசியை அவர்களிடம் கொண்டுபோக அம்மாவின் ரோஷம் இடம் கொடுக்கவில்லை. பெரியம்மா வீட்டில் யாராலும் அந்த எழுத்தைப் படித்திருக்க முடியாது என்று எனக்கு உறைத்தபோது பதினைந்து வயது. அதற்குள் பெரியம்மாவின் கடிதங்களைக் கறையான் தின்றிருந்தது, சொல்லும் தைரியத்தையும் அதுவே தின்றுவிட்டது. பெரியம்மா இறந்த செய்தி பல வருடம் கழித்து யார் மூலமோ வந்தது. அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. நான்தான் அழுதேன். முகம் தெரியாத பெரியம்மாவுக்காக நான் ஏன் அழுகிறேன் என்று அம்மாவுக்கு விளங்கவில்லை.

விழாப் பேச்சையும் இந்தி எழுத்திலேயே எழுதிக்கொண்டேன். இந்தியில் 'ழ' கிடையாதென்று 'ல' போட்டு அதன் தலையில் ஒரு நட்சத்திரம் வரைந்தேன். அம்மா டவுனில் டெய்ரி ஃபார்ம் என்கிற பேட்டையில் தம்பி வீட்டில் இருந்தாள், அவளுக்குத் தெரியாமல் முடித்துவிடலாம் என்பது என் கணக்கு. தம்பி மனைவிக்கு வாய் சும்மா இருக்காதே, அம்மாவிடம் சொல்லிவிட்டாள். நான் போன் போட்டு, "மழைம்மா, ரோடு சரியில்ல, காட்டுக்குள்ள வண்டியெல்லாம் சேந்து போற கான்வாய்க்குக் காத்துக் கெடந்து, ஃபெர்ரி ஏறி, எதுக்கும்மா உனக்கு?" என்றேன்.

"நீ மைக்குல தமிழ் பேசப் போற. நான் வராம?" என்றாள்.

முதல்நாள் மத்தியானமே வந்துவிட்டாள். அவள் அடுப்படிக்கு வந்தால் நான் வாசலுக்குப் போனேன், வாசலுக்கு வந்தால் கொல்லைக்குப் போனேன். தாளை ஜாக்கெட்டுக்குள் வைத்து, வியர்வையில் மை கலங்கிவிட, மறுபடி எழுதினேன்.

விழா அன்று பள்ளி மைதானத்தில் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். அம்மா கையில் சின்னக் கொடியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மளிகைக் கடை அண்ணன், ராமநாதபுரத்துக்காரர், நல்ல மனுஷர். நான் நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் அவர்கள் முன்னால் போவதும் வருவதுமாக இருந்தேன்.

"ஏந் தங்கச்சி இப்படித் தவிக்கிற? குடு, ஒரு பார்வை பாத்துத் தர்றேன்," என்று கையிலிருந்த தாளை அவரே வாங்கிக்கொண்டார். பிறகு தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். "என்னத்தா இது, பூரா இந்தியில இருக்கு?"

"தமிழ்தாண்ணே. எழுத்துதான் இந்தி."

"அப்ப உனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதா?" என்று சிரித்தார். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. அம்மா திரும்பி அந்தத் தாளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அதற்குள் மைக்கில் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

என்ன படித்தேன் என்று நினைவில்லை. 'எங்கள் பெற்றோரை இந்த நாடு அழைத்துக்கொண்டது' என்ற இடத்தில் நட்சத்திரத்தை விட்டுவிட்டு 'அலைத்து' என்று படித்தது மட்டும் தெரியும். கைதட்டினார்கள். எல்லோருக்கும்தான் தட்டினார்கள். இறங்கி வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்தேன்.

"அக்காளுக்கும் இந்த எழுத்துலதான் எழுதுனியா?" என்றாள்.

"ஆமாம்மா."

"மூணுமா?"

"மூணும்."

"மாடு கன்னு போட்டது?"

"நானாச் சொன்னது."

மேடையில் தெலுங்குப் பேச்சு தொடங்கியிருந்தது. அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அம்மா கொடிக் குச்சியை விரல்களுக்குள் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"அப்ப அவ என்னை மறக்கல," என்றாள். "நான்தான் பாவி, அவ செத்துட்டான்னு கேட்டும் அழாம இருந்துட்டேன்."

சொன்னவள் அழ ஆரம்பித்தாள். சத்தமில்லாமல் தொடங்கி, "அக்கா, என் அக்கா," என்று நெஞ்சில் அடித்துக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டது. தெலுங்குக்காரர் பேச்சை நிறுத்திவிட்டார். பஞ்சாயத்துத் தலைவர் மைக்கைப் பிடித்து, தேசத்தை நினைத்து ஒரு தாய் கண்ணீர் விடுகிறாள், எல்லோரும் பாருங்கள் என்று இந்தியில் சொன்னார். இறங்கி வந்து, விருந்தினருக்கு வைத்திருந்த சால்வையை அம்மாவுக்குப் போர்த்தினார். மைதானம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. எனக்கு இந்தி நன்றாகவே வரும், இரண்டே வாக்கியத்தில் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். நான் வாயைத் திறக்கவில்லை. அம்மா அந்தச் சால்வையிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.