அப்பு கட்டிய ராணி வேஷம்

நெடுந்தீவில் வடிவாக அழத் தெரிந்த பெண் யார் என்று கேட்டால் என்னைப் பெற்ற தகப்பனை, என் அப்புவைத்தான் காட்டுவார்கள். கோயில் திருநாளுக்குக் கூத்துப் போட்டால் ராணி வேஷம் அவருக்குத்தான். மாடு பார்த்து வலை இழுக்கிற அந்த மனுஷன் அம்மாவின் கலியாணச் சேலையைக் கட்டிக்கொண்டு, போருக்குப் போன ராசா திரும்பவில்லை என்று நெஞ்சில் அடித்து விழுந்தால், கொட்டகை முழுதும் மூக்கைச் சிந்தும். எனக்குப் பெருமையில் தலைகால் தெரியாது. பெண் வேஷத்தை ஏன் பெண்கள் கட்டுவதில்லை என்று நான் யோசித்ததே இல்லை. அப்பு இருக்கும்போது வேறு ராணி எதற்கு?

பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பல்கலைக்கழகம் போனேன். அங்கே படிப்பித்த ஓர் அம்மையார், படமோ கதையோ எதைப் பார்த்தாலும் ஒன்று கேளுங்கள் என்பார்: இந்தப் பெண்ணை யாருடைய கண்ணால் காட்டுகிறார்கள்? அதோடு என் நிம்மதி போயிற்று. ஒருநாள் தோழிகளோடு வாடகைத் தொலைக்காட்சியில் படம் பார்த்தேன். கன்னத்தில் அறை வாங்கிய மனைவி புருஷன் காலிலேயே விழுந்தாள். மற்றவர்கள் அழுதார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இவளுக்கு நோகேல்லையோ?" என்று கத்தினேன்.

"உன்னோடை இருந்து படம் பாக்க ஏலாது" என்று கலைத்துவிட்டார்கள்.

திருநாள் விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது, பின்னேரங்களில் கோயில் முற்றத்தில் கூத்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். அப்பு அதே மாதிரி அழுதார். எனக்குத்தான் கண்ணீர் வரவில்லை. குசினி அடுப்படியில் தேத்தண்ணி குடிக்கும்போது, "எப்பிடிப் பிள்ளை?" என்று ஆசையாகக் கேட்டார். படித்த வாய் சும்மா கிடக்குமா?

"வடிவாத்தான் அழுறியள் அப்பு. ஆனா ஆம்பிளையள் நினைக்கிற மாதிரி அழுறியள்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "கொம்மாவை நினைச்சுத்தான் அழுறனான். என்ரை வள்ளம் புயலிலை அம்பிட்டு வராமல் கிடக்கேக்கை அவ இப்பிடித்தானே அழுதிருப்பா."

தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மா திரும்பவில்லை. "நான் எங்கை அழுதனான்? மாட்டுக்குத் தண்ணி வைச்சனான். பிள்ளையளுக்குக் கூழ் காய்ச்சினனான். நீங்கள் உடுத்துக் கழட்டின சாரத்தைத் தோய்ச்சுக் காயப் போட்டனான்."

"அழேல்லையோ?"

"நான் அழுதால் பிள்ளையள் பயந்திடுங்கள்."

அப்பு தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போனார். அவருக்கு இருந்த ஒரே பேர் அந்த அழுகைதான்.

கூத்தன்று அவர் விழவில்லை, நெஞ்சில் அடிக்கவுமில்லை. ராசாவின் சால்வையை உதறி, மெல்ல மடித்தபடி அடங்கின குரலில் பாடினார். கொட்டகை முணுமுணுத்தது. "அண்ணை, அழ மறந்திட்டியளோ?" என்று ஒருவன் கத்தினான். கூத்துப் பழக்கிய அண்ணாவியாருக்கு முகம் கறுத்துவிட்டது. வருகிற வருஷம் ராணிக்கு வேறு ஆள் என்று அங்கேயே சொல்லிவிட்டார். அப்புவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் அவ்வளவு நல்ல ராணியை நான் ஒருநாளும் கண்டதில்லை.

விடிய வீட்டுக்கு வந்தவர் முகப்பூச்சைக் கழுவவும் இல்லை. அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த அம்மாவுக்கு முன்னால் போய்க் குந்தினார்.

"இஞ்சரும், சாரத்தைக் காயப் போட்டிட்டுப் பிறகு என்ன செய்தனீர்?"

"இவ்வளவு காலத்துக்குப் பிறகு இப்பவோ கேக்கிறியள்?" என்று சிரித்தபடிதான் அம்மா சொல்லத் தொடங்கினா. பாதியில் குரல் உடைந்துவிட்டது. அம்மா அழுததை அப்புவும் நானும் முதன்முதலாகக் கண்டது அன்றுதான்.